நூல் குடோனுக்கு ஓப்பன் சோர்ஸ் கேமரா: தொழிலாக்கிய கதை

திருப்பூரில் கேமரா மாட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நாலு கேமரா, ஒரு டிவிஆர் (பதிவு செய்யும் பெட்டி), ஹார்ட் டிஸ்க், கேபிள், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே ரேட் சொல்வோம். அடுத்த ஆள் அதில் ஐநூறு குறைத்துச் சொல்வார். அந்த ரேட் சண்டையிலிருந்து வெளியே வரத்தான் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள் பக்கம் போனேன். கொள்கைப் பிடிப்பெல்லாம் பிறகு வந்தது.

முதலில் எடுத்தது ஸோன்மைண்டர். லினக்ஸில் ஓடும் பழைய, நம்பகமான கேமரா பதிவு மென்பொருள், ஜிபிஎல் என்ற திறமூல உரிமம். பதிவு செய்வதில் குறையில்லை. ஆனால் படத்தில் பிக்சல் மாறினால் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். நூல் குடோனில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ராத்திரி கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு நேர் முன்னால் வலை கட்டும். காற்றில் வலை ஆடும்போதெல்லாம் முதலாளியின் போன் அடிக்கும். இரண்டாம் நாளே அலர்ட்டை அணைத்துவிடுவார். பிறகு என் பெட்டிக்கும் சாதா டிவிஆருக்கும் என்ன வித்தியாசம்?

ஃப்ரிகேட் என்ற இன்னொரு திறமூல மென்பொருள் வந்த பிறகுதான் இது தொழிலானது. எங்கே அசைவு என்று முதலில் பார்க்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டி, அது ஆளா என்று ஏஐ மாடலிடம் கேட்கும். கேமராவின் சப் ஸ்ட்ரீமை (சின்ன அளவுப் படம்) நொடிக்கு ஐந்து ஃபிரேம் கண்டறிதலுக்கும், மெயின் ஸ்ட்ரீமை (முழு அளவுப் படம்) அப்படியே பதிவுக்கும் விட்டால், இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசியே, ஏஐ மாடலை இன்டெல் சிப்பில் வேகமாக ஓட்டும் ஓபன்வினோ துணையோடு எட்டு கேமராவைத் தாங்குகிறது. ஆரம்பத்தில் ஏஐ வேலைக்கென்றே உள்ள கூகுள் கோரல் யுஎஸ்பி வாங்கிச் செருகினேன், இப்போது தேவைப்படுவதில்லை.

ஃப்ரிகேட்டும் ஏமாறுவது உண்டு. ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் டி-ஷர்ட் மாட்டிய டம்மி பொம்மைகள் நின்றன. ஜன்னலில் லாரி வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் 'ஆள்' என்று அலர்ட். பொம்மையின் உருவத்தை மறைத்தால் அதற்கு முன்னால் நடக்கும் திருடனும் மறைந்துபோவான். ஃப்ரிகேட்டின் ஆப்ஜெக்ட் மாஸ்க் (இந்த இடத்தில் ஆள் என்று வந்தால் விட்டுவிடு என்று குறிப்பது), ஆளைச் சுற்றிப் போடும் கட்டத்தின் கீழ் விளிம்பு நடுப்புள்ளியைத்தான் பார்க்கும். அதனால் பொம்மைகளின் பீடம் இருக்கும் பட்டையை மட்டும் மாஸ்க் செய்தேன். வாடிக்கையாளர் காசு கொடுப்பது இந்த மாதிரி உட்கார்ந்து சரிசெய்யும் வேலைக்கு.

விலை பேசும்போது ஒரு குடோன்காரர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, அந்த டிவிஆர்காரர் பாதி ரேட்டுதானுங்க சொல்றாரு. உங்க டப்பாவுல அப்படி என்னங்க இருக்குது?"

"ராத்திரி பத்து மணிக்கு மேல ஆள் வந்தா மட்டும் போன் அடிக்குமுங்க. பூனை வந்தா அடிக்காதுங்க."

"அப்ப நான் தூங்கலாங்கறீங்க" என்றார். ஆர்டர் கிடைத்தது. மென்பொருளின் பெயரை அவர் இன்று வரை கேட்கவில்லை.

கொட்டேஷனில் சறுக்கும் இடம் ஹார்ட் டிஸ்க். 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) ஓடும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி தின்னும். எட்டு கேமரா, முப்பது நாள் என்றால் 10 டிபிக்கு மேல் போகும். நான் ஏழு நாள் முழுப் பதிவும், ஆள் நடமாட்டம் உள்ள துண்டுகள் மட்டும் முப்பது நாளும் வைக்கிறேன். 4 டிபி போதும். டிஸ்க்கில் மிச்சமாகும் காசு மினி பிசிக்குப் போய்விடுகிறது.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரிகேட்டின் நிரல் எம்ஐடி என்ற திறமூல உரிமம், காசுக்கு அமைத்துக் கொடுக்கலாம். பெயரும் லோகோவும் அவர்களுடைய டிரேட்மார்க். பெட்டியில் அந்த லோகோவை ஒட்டி நம் தயாரிப்பு மாதிரி விற்கக் கூடாது.

கேமராக்களுக்கு இன்டர்நெட் கொடுப்பதில்லை. 2016இல் மிராய் பாட்நெட் (கருவிகளைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் தீய நிரல்) பிடித்ததில் நிறைய, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் கிடந்த கேமராவும் டிவிஆரும்தான். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவும் கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான், இருந்தாலும் கேமராக்களுக்குத் தனி விலான் (பிரித்து வைத்த நெட்வொர்க்) போடுவதை நான் விடவில்லை. வெளியிலிருந்து பார்க்க வயர்கார்டு என்ற விபிஎன். பல இணைப்புகள் சிஜிநாட்டுக்குப் பின்னால் (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபி முகவரி) இருப்பதால், வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் அங்கே எப்படியும் நடக்காது.

இன்டர்நெட் இல்லாத கேமராவில் கடிகாரம் மெல்ல நேரம் தவறிப்போகும். அதற்கு மினி பிசியிலேயே குரோனி என்ற நேரம் சரிசெய்யும் மென்பொருளைப் போட்டு அதையே நேர சர்வராக்கினேன். குடோன் வாசலில் ஒரு பைக் திருடு போய் ஸ்டேஷனிலிருந்து பதிவு கேட்டபோது இது கை கொடுத்தது. டிஜிட்டல் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. பதிவோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். லினக்ஸில் அது ஒரே கட்டளை. நிபுணர் கையெழுத்திடும் பகுதி தனி, அது நம் வேலையில்லை.

வருமானம் நிற்பது ஏஎம்சியில் (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்). "கேமரா ஓடிட்டுத்தானே இருக்குது, வருஷா வருஷம் எதுக்குங்க பணம்?" என்பார்கள். நான் போனால் லென்ஸில் படிந்த பஞ்சைத் துடைப்பேன், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுப்பேன், அவர்கள் சொல்லும் ஏதோ ஒரு தேதியின் பதிவைக் கண் முன்னால் ஓட்டிக் காட்டுவேன். புதுப் பதிப்பு வந்தால் கடையில் ஒரு பெட்டியில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வெளியே போடுவேன், கான்ஃபிக் (அமைப்புகளை எழுதும்) முறை மாறிவிடுவது உண்டு. வேண்டாம் என்பவர்களுக்கு அட்மின் பாஸ்வேர்டையும் கான்ஃபிக் கோப்பையும் பென்டிரைவில் கொடுத்துவிடுகிறேன். சிலர் மறு வருடம் கூப்பிட்டார்கள், சிலர் டிவிஆருக்கே திரும்பிவிட்டார்கள்.