பிரதேச சபையிடம் ஒரு வலை வாங்கிய கதை

ஒருவழியாக வலையும் பந்துகளும் வந்துவிட்டன. சந்தோஷம்தான், ஆனாலும் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதே வழியில் போகப்போகிற ஆட்களுக்கு உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னச் சங்கம். யுத்தத்தில் கால் போனவர்கள், சின்ன வயதில் போலியோ வந்தவர்கள், சீனி வருத்தத்தால் கால் எடுத்தவர்கள் எல்லாரும் இருக்கிறோம். பின்னேரங்களில் கோயில் வெளியில் சிட்டிங் வொலிபோல், அதாவது நிலத்தில் இருந்தபடியே ஆடுகிற கரப்பந்து. நாங்கள் கேட்டது ஒரு வலை, இரண்டு கம்பம், சில பந்துகள். அவ்வளவுதான்.

சங்கத்தின் யாப்பு (விதிகள்), கூட்டறிக்கை, நிர்வாகசபைப் பட்டியல், ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் வழமைபோலத்தான், எல்லாருக்கும் தெரிந்ததே. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சபையில் சொன்னார்கள், பிரதேச செயலகத்தில் இருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று. செயலகத்தில் விளையாட்டுப் பிரிவுக்குப் போனால், "மாற்றுத்திறனாளிகள் எண்டா சமூக சேவைப் பிரிவு பாக்கும், அங்க போங்க." அங்கே போனால், "வொலிபோல் சாமானா? அது விளையாட்டு உத்தியோகத்தர்ட வேலையெல்லோ." இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு விறாந்தைதான் தூரம், ஆனால் எழுந்து போய்ப் பேச இருவருக்கும் மனமில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்து இளைஞர் கழகமாகப் பதிந்தால் சுகம் என்று ஆலோசனை சொன்னார். இளைஞர் கழகத்துக்கு வயது 13 முதல் 29 வரை. எங்கள் தலைவருக்குப் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது.

கடைசியில் இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாகக் கடிதம் கொடுத்து, ஒவ்வொரு கடிதத்திலும் "பிரதி: மற்றப் பிரிவு" என்று போட்டோம். அதற்குப் பிறகுதான் இரண்டு சிபாரிசும் வந்தன. முதல் நாளே இப்படிச் செய்யுங்கள். அதோடு, எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். எங்கள் முதல் விண்ணப்பம் சபைக்குள்ளேயே காணாமல் போனது. "நீங்க தரவே இல்லையே தம்பி" என்ற வசனத்துக்கு அந்த நீல முத்திரை ஒன்றுதான் பதில். அதைக் காட்டியதும் அரை மணித்தியாலத்தில் ஃபைல் கிடைத்துவிட்டது, வேறொரு சங்கத்தின் மதகுக் கோரிக்கைக்குள் செருகிக் கிடந்ததாம்.

அடுத்தது காலம். இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சபையின் வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, அடுத்த வருடப் பாதீட்டை முந்தின வருடக் கடைசியிலேயே நிறைவேற்றிவிடுவார்கள். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்ததில் இருந்து உறுப்பினர் என்று யாரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம். 2025 மே 6 தேர்தல் முடிந்து புதுச் சபை கூடியதும், இனி கேட்க ஆள் இருக்கிறது என்று ஓடினோம். தவிசாளர் நல்லாகத்தான் பேசினார், கணக்குப் பிரிவில்தான் கதை வேறு. அந்த வருடப் பாதீடு ஏற்கனவே போட்டது, அதில் எங்களுக்குச் செலவுத் தலைப்பு இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். ஆகவே கோரிக்கை வைப்பதென்றால் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே வையுங்கள். உங்கள் வட்டார உறுப்பினரைக் கொண்டு சபை அமர்வில் பேச வைத்து, கூட்டறிக்கையில் சங்கத்தின் பெயரை ஏற்றிவிடுங்கள். மாரி தொடங்கிய பிறகு போனால் வெள்ளத்தைத் தவிர வேறு பேச்சு அங்கே எடுபடாது.

இன்னொன்று, காசு கையில் வரும் என்று நினைக்கவே வேண்டாம். சபை விலைமனு எடுத்துச் சாமானாகத்தான் தரும்.

அங்கேதான் பெரிய கூத்து. அனுமதிக் கடிதத்தில் "வொலிபோல் வலைத் தொகுதி 1" என்று மட்டும் அடித்திருந்தார்கள். கடைகளும் வழமையான கம்பத்துக்கே விலை கொடுத்திருந்தன. நின்று ஆடும் ஆண்களுக்கு வலை 2.43 மீற்றர் உயரம். எங்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05. மைதானமும் 18க்கு 9 இல்லை, 10க்கு 6. இதை விளக்கினால் எழுதுநர் சொல்கிறார், "வலை எல்லாம் ஒண்டுதானே, பக்கத்துக் கழகத்துக்கும் குடுத்திருக்கம், சேர்ந்து விளையாடலாமே." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருப்பது மேல்மாடியில். சாய்தளம் இல்லை, லிஃப்ட் இல்லை. தலைவரால் ஏற முடியாது என்று சொல்லிச் சொல்லி, உத்தியோகத்தரையே அளவு நாடாவுடன் கீழே வர வைத்தோம். தலைவர் ஒன்றும் பேசவில்லை. செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சீமெந்துத் தரையில் இருந்து, கையை நேராகத் தூக்கி, "அளந்து பாருங்க சேர்" என்றார். வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உத்தியோகத்தரும் நல்ல மனிசன், குந்தியிருந்து அளந்தார், விரல் நுனி எங்கே முடிகிறது என்று பார்த்தார், அங்கேயே பேனை எடுத்து உயரத்தைக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அதற்குப் பிறகு கம்பம் எங்கள் அளவுக்கே வந்தது. சாமானின் அளவு, தரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் தருவார்.

கையளிப்பு நாளில் விருந்தினர்கள் வரும்வரை வெயிலில் காத்திருந்தோம், படம் எடுத்தார்கள், சரி. பெறும்போது பந்தை அமத்திப் பாருங்கள், கம்பத்தின் பூட்டைத் திருகிப் பாருங்கள், அதற்குப் பிறகு கையெழுத்து வையுங்கள். எங்களுக்கு வந்த பந்துகளில் ஒன்று காற்று நிற்காதது, அன்றைக்கே மாற்றி எடுத்தோம்.

அந்த மேல்மாடி விசயத்தை விடவில்லை. பொதுக் கட்டிடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இலேயே வந்தது. சாய்தளத்துக்கு எப்போதாவது மதிப்பீடு போட்டார்களா, போட்டால் அது எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். பிரதியில் முத்திரை வாங்கிவிட்டோம்.