தானாகத் துணி தேய்க்கும் இயந்திரம்: வேகம் ஈரத்தின் கையில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு டோபி கடைக்குத் தானாகத் துணி தேய்க்கும் இயந்திரம் செய்வதானால், சட்டையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காலரும் பொத்தானும் உருளைக்குள் ஒழுங்காகப் போகாது. அந்தக் கடைக்கு முதலில் வேண்டியது படுக்கை விரிப்பும் வேட்டியும் தேய்ப்பது: பருத்தித்துணி சுற்றிய உருளை, அதன்மேல் அழுத்தும் சூடான தகடு.

வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டார் அல்ல, ஈரம். விரிப்பில் 150 கிராம் தண்ணீர் இருந்தால், அதை ஆவியாக்க மட்டும் சுமார் 340 கிலோஜூல் வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது கிட்டத்தட்ட 3 நிமிட வேலை. வெப்ப இழப்பு தனிக்கணக்கு. 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் ஆசைப்படவும் முடியாது. ஆக, 2.5 மீட்டர் விரிப்பை நிமிடத்துக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் ஓட்டினால் ஈரத்தோடு வெளிவந்து மறுபடி கசங்கும். மழைக்காலத்தில் இன்னும் மெதுவாக.

பருத்திக்கு 200 டிகிரி, பாலியஸ்டருக்கு 150. மின்சாரம் போனால் ஸ்பிரிங் தகட்டைத் தூக்கிவிட வேண்டும், இல்லையேல் துணி நின்ற இடத்திலேயே கருகும். விரல் தடுப்புக் கம்பி கட்டாயம்.