முதலில் தமிழை வைப்பேன்

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அப்பா செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், நான் பட்டணத்தில் ஓர் அச்சுக் கடையில் பேனர், பன்டிங், கல்யாண அட்டை எல்லாம் வடிவமைக்கிறேன். கிராஃபிக் டிசைனர் ஆக வேண்டும், அதுவும் தமிழ் எழுத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்த டிசைனர் ஆக வேண்டும் என்பது ஆசை. டிசைனர் என்றதும் "நல்லா வரைவியா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னை இந்த வேலைக்கு இழுத்தது படம் இல்லை, எழுத்து.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு பழைய தகரப் பலகை இருந்தது. நீலத்தின் மேல் வெள்ளைப் பெயிண்டால் கையால் எழுதியது. அதில் 'காலை பூசை', 'மாலை பூசை' என்று வரும் இடத்தில் உள்ள லை நாம் இப்போது எழுதும் லை இல்லை, யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து எழுத்தோடு ஒட்டியிருக்கும் பழைய லை. 1978-ல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் பிறகு இங்கேயும் வந்துவிட்டதால், தமிழ்ப்பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது புதிய வடிவம். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது படிக்கத் தெரியவில்லை. பாட்டிதான் விரலால் என் உள்ளங்கையில் அந்த வளைவைப் போட்டுக் காட்டினார். ரொம்ப வருடம் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன்: எழுதியவர் அந்தத் தும்பிக்கைக்கு இடம் விடுவதற்காகவே மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே தாராளமாகத் தள்ளி எழுதியிருக்கிறார். யார் எழுதினார் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தேன். நல்ல ஆசிரியர்கள், நல்ல பாடம், ஆனால் எழுத்துரு வகுப்பில் காட்டிய உதாரணம் எல்லாம் ஆங்கில எழுத்துதான். அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குப் போட்டால் ஒத்துவராது. கி, கீ மேலே வளையும், கு, கூ கீழே இறங்கும், வரி இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கினாலும் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் முடிவது தமிழில் ஒரு முழு வரி ஓடும். தடித்த எழுத்தாகப் போட்டால் ண, ஞ, ஐ இவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துப்போய், தூரத்திலிருந்து கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். இதெல்லாம் கடையில் அச்சடித்து அச்சடித்து நானாகக் கண்டுகொண்டது.

பெரிய பாடம் ஒரு தீமிதித் திருவிழா பேனரில் கிடைத்தது. பத்தடிக்கு நான்கடி. எல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு கோயில் தலைவர் ஒரு வரியை மாற்றி புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்ப, கடையில் இருந்த சீனப் பையன் அதை அப்படியே எடுத்து, நாங்கள் வடிவமைக்கும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் ஒட்டி, இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கணினியில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயக்கப்படவில்லை. அதை விருப்பத்தேர்வுகளில் போய் இயக்கி, பத்திக்கும் அதற்குரிய கம்போசரை, அதாவது எழுத்துகளைக் கோக்கும் முறையை, தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். இல்லாவிட்டால் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் கோயில் வாசலில் அந்த வரி முழுக்கக் கொம்பு இடம் மாறி, புள்ளி ஓர் இடமும் எழுத்து ஓர் இடமுமாகத் தொங்கியது. பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இது என்ன எழுத்துமா, நம்ம எழுத்து மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். கண் மங்கிவிட்டது என்று அவர் தன்னையே சந்தேகப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று மதியமே புதிதாக அச்சடித்து மாட்டினோம். அதற்குப் பிறகு எழுத்தையெல்லாம் கோட்டுருவமாக, அதாவது எந்தக் கணினியிலும் மாறாத வெறும் வடிவமாக, மாற்றாமல் எந்தக் கோப்பையும் நான் கடையில் விட்டுவிட்டுப் போவதில்லை.

என் வேலை முறை அதற்கப்புறம் மாறியது. இங்கே ஒரு பேனர் என்றால் பெரும்பாலும் மூன்று மொழி. பொது இடத்து விளம்பரத்தில் மலாய் முன்னால் நிற்க வேண்டும், அது சரி. வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், மலாயையும் ஆங்கிலத்தையும் அழகாக அமைத்துவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் தமிழைப் பக்கவாட்டில் நசுக்கித் திணிப்பார்கள். நான் தலைகீழாக ஆரம்பிக்கிறேன். மூன்றில் அதிக இடம் கேட்பது தமிழ்தான், அதனால் வெற்றுப் பக்கத்தில் தமிழ் வரியை முதலில் வைத்து, அதற்கு மூச்சுவிட எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் கொண்டுவருவேன். மலாய் அப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் தமிழ் நசுங்காது. எழுத்துருவும் அப்படித்தான், தமிழுக்குப் பொருந்துவதை எடுத்துவிட்டுத்தான் லத்தீனுக்குத் துணை தேடுவேன். கட்டமரான் என்ற எழுத்துரு எனக்குப் பிடிக்கும், ஒன்பது தடிப்புகள் இருக்கின்றன, தமிழும் லத்தீனும் ஒரே குடும்பம். முக்த மலரும் நன்றாக வரும். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவை வடிவமைத்த முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கியவர், நம் மலேசியர் என்பது எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. எனக்கும் கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம், மரண அறிவிப்பு. டிசைன் என்றால் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும், காலைக்குள் வேண்டும். படம் என்று கொடுப்பது பெரும்பாலும் அடையாள அட்டையில் உள்ளது, அல்லது யாரோ கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்றது. பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி, சுருக்கங்களைத் தொடாமல் விட்டுவிடுவேன். ஒரு முறை தொட்டுவிட்டேன், மகள் பார்த்துவிட்டு "இது எங்கம்மா மாதிரி இல்லையே அக்கா" என்றாள். பெயரை மூன்று தடவை உரக்கப் படித்துக் காட்டுவேன், பேரப்பிள்ளைகள் பெயர் விட்டுப்போயிற்றா என்று கேட்பேன். அந்தக் காகிதத்தைச் சாமி அறையில் பல வருடம் வைத்திருப்பார்கள்.

போன மாதம் ஒரு நேர்முகத் தேர்வில் என் வேலைகளின் தொகுப்பைப் பார்த்துவிட்டு, "கோயில் பேனரையெல்லாம் எடுத்துவிட்டு வேறு வேலைகளைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அடுத்த வாரம் கோலாலம்பூரில் இன்னொரு இடத்தில் நேர்முகம். மாற்றி அச்சடித்த அந்தத் தீமிதி பேனரின் படம்தான் தொகுப்பின் முதல் பக்கம். அதை இரண்டடிக்கு அச்சடித்து நேற்று வேலியில் கட்டி, பாட்டியை வாசலில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். தேதி, நேரம், பூசை விவரம் எல்லாம் தடங்கல் இல்லாமல் படித்தார். கடைசி வரியில் நின்று, "அன்னதானம்னு இருக்கறத இன்னுங் கொஞ்சம் பெரிசாப் போடும்மா, அதைத்தான் சனங்க தேடுவாங்க" என்றார். இன்று இரவு அதை மாற்ற உட்கார்ந்திருக்கிறேன்.