ஜிம்மியின் நகமும் தடைக்காலமும்

ஏப்ரல் 17, 2025, வியாழன்

மீன்பிடித் தடை தொடங்கிவிட்டது. விசைப்படகெல்லாம் பாம்பன் தெற்குவாடியில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் ஜூன் 14 வரை கரையில்தான். தள்ளிப் போட்ட வேலைகளைப் பட்டியல் போட்டேன்: கூரை ஓடு, தண்ணீர்த் தொட்டி, ஜிம்மியின் நகம். கடைசியைக் கேட்டுத்தான் சிரித்தார்.

ஜிம்மி எங்கள் நாய், பொமேரியன் கலப்பு. சின்ன உருவம், பெரிய வீம்பு. சிமென்ட் தரையில் நடந்தால் டக் டக்கென்று கேட்கிறது. நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொட்டாலே வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. விட்டுவிட்டால் தரை நகத்தைத் தள்ளும், நகம் விரலைத் தள்ளும், கொஞ்ச நாளில் நடையே மாறிவிடும்.

"தெருநாய்க்கு எவ வெட்டி விடுறா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். தெருநாய் ராத்திரி முழுக்கத் தார் ரோட்டில் ஓடுகிறது, நகம் தானாகத் தேய்கிறது. நம்மாள் பகலெல்லாம் கட்டிலுக்கு அடியில், சாயங்காலம் கடற்கரை மணலில். மணல் எவ்வளவு ஓடினாலும் நகத்தைத் தேய்க்காது. "பீச்சுல ஓடுற நாய்க்கு எதுக்கு நகம் வெட்டணும்" என்று இந்தப் பக்கம் பலபேர் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டு நாயின் காலை ஒருநாள் திருப்பிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 23, புதன்

போன வருஷம் டவுனில் ஒரு கடையில் கொடுத்து வெட்டினோம். வாயைக் கட்டி, மேஜையில் அமுக்கி, மளமளவென்று வெட்டினார்கள். ரத்தம் வந்தது. துடைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஜிம்மியின் தலையைத் தடவலாம், வயிற்றைத் தடவலாம், பாதத்தை மட்டும் தொடக்கூடாது. கட்டரைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அதனால் இந்த வாரம் வெட்டுவதாக இல்லை. தொடுவது மட்டும்தான்.

தோளில் கை வைப்பேன், ஒரு துண்டு மீன். முழங்கால் வரை இறக்குவேன், இன்னொரு துண்டு. பாதத்தைத் தொட்டவுடன் எடுத்துவிடுவேன், அதற்கும் ஒரு துண்டு. கருவாட்டு வாசனைக்கு அவன் உயிரையே கொடுப்பான், ஆனால் அதில் உப்பு அதிகம். கரைவலையில் வந்த நெத்திலியை உப்புப் போடாமல் அவித்து, முள்ளெடுத்து வைத்திருக்கிறேன். மகளுக்கு அதில் பொறாமை.

தூக்கமே இல்லாதபோது நாய் கொட்டாவி விட்டால், உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பினால், அதற்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உறுமுவதற்கு முன்னால் வருவது இதுதான். கொட்டாவி வந்தால் கடையை மூடிவிடுகிறேன்.

ஏப்ரல் 30, புதன்

கட்டரைத் தட்டுப் பக்கத்தில் வைத்துச் சோறு போட்டேன். முதலில் தட்டையே சந்தேகப்பட்டான், அப்புறம் பசி வென்றது. அடுத்தது சத்தம். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினேன். கிட்டத்தட்ட நகம் வெட்டும் அதே டக். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு நெத்திலி. இப்போது சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறான். விளக்குமாறு இளைத்துக்கொண்டே போகிறது என்று அத்தை புகார்.

புகார் அதோடு நிற்கவில்லை. செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக்கூடாது. விளக்கு வைத்த பிறகு கூடவே கூடாது. "நாய்க்குமா அப்பத்தா?" என்று மகள் கேட்டாள். "வெட்டுறது நீங்கதானே, வீடு நம்ம வீடுதானே" என்றார். மறுத்துப் பேச முடியவில்லை. ஜிம்மி சொக்கி விழும் நேரமோ சரியாக விளக்கு வைத்த பிறகுதான்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் இன்று தொடக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜிம்மியும் அசந்து கிடப்பதால் அதையே நேரமாக வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் சாக்கில் சுற்றிப் பிடித்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார். முடியும்தான். ஒருமுறை முடியும், அடுத்த மாதம் சாக்கைக் கண்டாலே ஓடுவான். இதில் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வாய்த் தகராறு.

முதல் நகத்துக்கு விரலை லேசாக அழுத்தினேன், நகம் முன்னால் வந்தது. கட்டரை வைக்கும்போது ரயில் ஊதியது. அவ்வளவுதான், போய்விட்டான். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது 2022 டிசம்பரில். ஜிம்மி பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். போன மாதம் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கும் வரை பாம்பனில் வளர்ந்த இந்த நாய் ரயில் சத்தத்துக்குப் பழகவே இல்லை. ஊரே ரயில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டபோது அவன் மட்டும் கட்டிலுக்கு அடியில். இனி ரயில் நேரம் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

மே 18, ஞாயிறு

ஒரு நகம் வெட்டியாயிற்று. மகள் தட்டில் குழைத்த தயிர்ச்சோற்றைப் பிடித்திருந்தாள், அவன் நக்கிக்கொண்டே இருந்தான், நான் நுனியை மட்டும் எடுத்தேன். எடுத்தவுடன் காலை விட்டுவிட்டேன். அன்றைக்கு அதோடு சரி. "ஒண்ணுதானா?" என்றார் வீட்டுக்காரர். ஒன்றுதான். முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு என்று மொத்தம் பதினெட்டு இருக்கிறது. ஒருநாளுக்கு ஒன்று என்றாலும் நான்கு வாரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடுமே. (செவ்வாய், வெள்ளி போக.)

நகத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன், மகளுக்கு உதவும். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அதில் பட்டால்தான் வலியும் ரத்தமும். வெள்ளை நகத்தில் செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தலாம். ஜிம்மிக்கு ஒரு பாதத்தில்தான் வெள்ளை நகம், மற்றதெல்லாம் கறுப்பு. கறுப்பில் டார்ச் உதவாது. பாக்குச் சீவல் மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் காய்ந்து வெளிறித் தெரியும். நடுவில் ஈரமான கரும்புள்ளி ஒன்று எட்டிப் பார்த்தால் கட்டரைக் கீழே வைத்துவிட வேண்டும். நீளமாக வளரவிட்ட நகத்தில் உள்சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. அடிக்கடி நுனி எடுத்தால் அது மெதுவாகப் பின்வாங்கும்.

நம் நகவெட்டி இதற்கு ஆகாது. நாய் நகம் உருண்டை, தட்டையான வாயில் மாட்டினால் நசுங்கிப் பிளக்கும்.

மே 29, வியாழன்

கச்சான் காற்று பேய்த்தனமாக அடிக்கிறது, வீடெல்லாம் மணல். வீட்டுக்காரர் திண்ணையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜிம்மி குறுக்கே ஓடினான், வீலென்று ஒரு கத்தல். முன்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே இருக்கும் ஐந்தாவது விரலின் நகம் நைலான் கண்ணியில் மாட்டிக்கொண்டது. அது தரையில் படாததால் தேயவே தேயாது. கொக்கியாக வளைந்து, விட்டால் சதைக்குள்ளேயே குத்தும். முன்காலின் மற்ற நகங்களை முடித்துவிட்டு அதற்கு வரலாம் என்று நினைத்திருந்தோம்.

வீட்டுக்காரர் அவனை இழுக்கவில்லை. "அசையாதடா" என்று சொல்லிக்கொண்டே வலையைத்தான் அறுத்தார். தன் கையால் பின்னிய வலையை. நுனி மட்டும் பிளந்து லேசாக ரத்தம். அத்தை மஞ்சள்தூளோடு ஓடி வந்தார். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். சோளமாவை அப்பி, அஞ்சு நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நிற்காவிட்டாலோ, அடிவரை பிளந்திருந்தாலோ கூட்டி வரச் சொன்னார். நின்றுவிட்டது. காலை நக்காமல் பார்த்துக்கொள்ள மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இதற்குப் பிறகு சாக்கில் சுற்றிப் பிடிக்கிற பேச்சு வீட்டில் எழவில்லை.

ஜூன் 11, புதன்

காயம் ஆறியது. சில நாள் பழையபடி தோளிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, ஆனால் இந்த முறை சீக்கிரம் இறங்கி வந்தான். இன்று பக்கவாட்டில் படுத்துக்கொண்டு பின்காலைக் கொடுத்தான். யாரும் பிடிக்கவில்லை. ஒரே உட்காரலில் மூன்று நகம் ஆனது, கொட்டாவி வந்தது, நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் ஐஸுக்கும் டீசலுக்கும் அலைகிறார். மகளுக்குப் பள்ளி திறந்தாயிற்று. இனி நானும் அவனும்தான். தயிர்ச்சோற்றுத் தட்டைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை, ஓரத்தில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தால் நகராது. உப்புக்காற்றில் கட்டர் வாயில் துரு வரப் பார்க்கிறது. தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பின்னங்காலில் இன்னும் இரண்டு கறுப்பு நகம் பாக்கி, நாளைக்கு மதிய ரயில் போனதும்.