டெர்மினலில் பச்சை, எடிட்டரில் சிவப்பு

டெர்மினலில் பில்ட் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் ‘பில்ட் சக்ஸஸ்’. டெஸ்ட்டுகளும் பாஸ். அதே ஜாவா புராஜெக்ட்டை விஎஸ் கோடு எடிட்டரில் திறந்தால் பாதி ஃபைல்கள் சிவப்பில் நின்றன. ‘இம்போர்ட் கேனாட் பி ரிசால்வ்டு’, அதாவது கேட்ட லைப்ரரி கிடைக்கவில்லை என்று பிராப்ளம்ஸ் பேனல் முழுக்க ஒரே புலம்பல். அலுவலகத்துக்குள்ளேயே எழுதப்பட்ட ஒரு லைப்ரரியை பாம் ஃபைலில் (எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று மேவன் என்ற பில்ட் கருவிக்குச் சொல்லும் pom.xml) புதிதாகச் சேர்த்த பிறகுதான் இது தொடங்கியது.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: கன்ட்ரோல்-ஷிஃப்ட்-P அழுத்தி, கட்டளைப் பட்டியலில் ‘கிளீன் ஜாவா லாங்குவேஜ் சர்வர் வொர்க்ஸ்பேஸ்’. செய்தேன். எடிட்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துவிட்டு அதே சிவப்பைத் திரும்பப் போட்டது. ஒரு வகையில் நல்லதுதான். துடைத்த பிறகும் அதே பிழை வருகிறது என்றால், எடிட்டர் சேமித்துவைத்த பழைய கேஷ் மேல் பழி போட முடியாது. டெர்மினல் படிப்பது ஒன்று, எடிட்டர் படிப்பது வேறொன்று.

விஎஸ் கோடின் ஜாவா எக்ஸ்டென்ஷன் நம் பில்ட் ஸ்கிரிப்ட்டைச் சீண்டுவதே இல்லை. அதற்குள் இருப்பது எக்லிப்ஸ் என்ற இன்னொரு எடிட்டரின் ஜேடிடி லாங்குவேஜ் சர்வர்; கோடைப் படித்துப் பிழை சொல்வது அதுதான். எம்2இ என்ற எக்லிப்ஸின் மேவன் இணைப்பு வழியாக அதுவே பாம் ஃபைலைப் படித்து, தனக்கென்று ஒரு கிளாஸ்பாத் (லைப்ரரிகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) கட்டிக்கொள்கிறது. ஆகவே நூற்றுக்கணக்கான இம்போர்ட் பிழைகளை விட்டுவிட்டு, பாம் ஃபைலில் இருந்த ஒரே ஒரு ‘மிஸ்ஸிங் ஆர்ட்டிஃபாக்ட்’ (லைப்ரரி ஃபைலைக் காணோம்) பிழையை மட்டும் பிடித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அதன் வாரிசுகள்.

ஹோம் டைரக்டரியில், மேவன் இறக்கிய லைப்ரரிகளை வைக்கும் ‘.எம்2/ரெப்பாசிட்டரி’க்குள் போய் அந்த லைப்ரரியின் ஃபோல்டரைத் திறந்தேன். ஜார், அதாவது லைப்ரரி ஃபைல், இல்லை. ‘லாஸ்ட்அப்டேட்டட்’ என்று முடியும் ஒரு குட்டி ஃபைல் மட்டும் கிடந்தது. தேடிக் கிடைக்காமல் போனால் மேவன் எழுதிவைக்கும் குறிப்பு அது. டெக்ஸ்ட்தான், திறந்து படிக்கலாம். எங்கே போய்த் தேடியது என்ற முகவரி அதில் இருக்கும். பார்த்தால் மேவன் சென்ட்ரல், எல்லோருக்கும் பொதுவான இணையக் களஞ்சியம்! அலுவலகத்து லைப்ரரி அங்கே எப்படி இருக்கும்?

அப்புறம் பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். மேவனை ‘-எஸ்’ போட்டு வேறொரு செட்டிங்ஸ் ஃபைலோடு கூப்பிட்டிருந்தார்கள். உள் ரெப்பாசிட்டரியின் முகவரி அதில்தான் இருந்தது. இறக்கிய ஜார்களை வைக்க ‘லோக்கல்ரெப்பாசிட்டரி’ என்று தனி இடமும் கொடுத்திருந்தார்கள். எடிட்டருக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. ‘ஜாவா.கான்ஃபிகரேஷன்.மேவன்.யூசர்செட்டிங்ஸ்’ என்ற அமைப்பில் அந்த ஃபைலின் முழுப் பாதையைக் கொடுத்து, புராஜெக்ட்டை ரீலோட் செய்ததும் சிவப்பு மறைந்தது.

இரண்டு பக்கமும் ஒரே ரெப்பாசிட்டரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நெட்வொர்க் கோளாறில் கூட இந்த ‘லாஸ்ட்அப்டேட்டட்’ விழலாம். விழுந்துவிட்டால், இயல்பான அமைப்பில் மேவன் ஒரு நாள் வரை மறுபடி தேடாமல் இருக்கலாம். மேவனை ‘-யு’ (பெரிய எழுத்து U) கொடுத்து ஓட்டுங்கள், இல்லை ஃபைலை அழித்துவிடுங்கள்.

கடைசியில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் மிஞ்சியது: ‘பிளகின் எக்சிக்யூஷன் நாட் கவர்டு’. கோட் உருவாக்கும் ஒரு பிளகினை எடிட்டருக்குள் ஓட்டலாமா வேண்டாமா என்று எம்2இக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கோட் டெர்மினல் பில்டிலேயே உருவாகிவிடுகிறது. ‘நாட்கவர்டுபிளகின்எக்சிக்யூஷன்செவெரிட்டி’ என்ற அமைப்பை ‘இக்னோர்’ ஆக்கினால் அதுவும் போய்விடும். நான் மஞ்சளாகவே விட்டுவைத்திருக்கிறேன்.