வாசலோடு நின்றவர்கள்

கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்து, கீமோவும் பாதியில் நின்ற பிறகு, “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நாற்பது வருஷமாகப் புகையிலை அடக்கிய கன்னத்தில் புற்றுநோய், அப்பாவுக்கு. புண் வெளிப்பக்கமும் திறந்துகொண்டது.

வலியைவிட நாற்றம்தான் எங்களைப் படுத்தியது. சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஊதுபத்தி ஏற்றினால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எதற்கு ஏற்றுகிறோம் என்று அவருக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டுக்குச் சுகர் மாத்திரை கொண்டுவரும் அக்காதான் வழி சொன்னார். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கவும் நர்ஸ் உண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆதார் ஜெராக்ஸுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெயரை எழுதிக்கொண்டார்கள். அலைச்சல் அவ்வளவுதான்.

வந்த நர்ஸ் மூக்கைச் சுளிக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, “ஐயா, எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?” என்று கேட்டார். பேச முடியாத அப்பா, பேத்தியின் சிலேட்டில் எழுதினார்: நாத்தம்.

உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் புண்ணைக் கழுவச் சொல்லித்தந்தார். ஒட்டிய துணியை வெடுக்கென்று இழுக்காமல் நனைத்து எடுக்க வேண்டும். அப்புறம் நாற்றத்தை உண்டாக்கும் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்துப் பொடித்துத் தூவ வேண்டும். முதல் நாள் அவர் செய்தார், மறுமுறை என் கையைப் பிடித்துச் செய்யவைத்தார். ஒரு வாரத்துக்குள் ஊதுபத்தியை நிறுத்திவிட்டோம்.

வலிக்கு மார்ஃபின். டாக்டர் எழுதித்தந்ததை அண்ணன் ஒளித்தே வைத்துவிட்டான், போதை மருந்தாம். “வலி இருக்கிறவங்களுக்கு அளவாக் கொடுத்தா பழக்கமாயிடாதுண்ணா” என்று நர்ஸ் பொறுமையாகப் பேசினார். 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கல் மாத்திரையும். அதை நாங்கள் மூன்று நாள் மறந்து, அப்பா பட்ட பாடு தனிக்கதை.

ஒருநாள் நர்ஸ் புண்ணுக்குப் போட்ட கட்டை மாற்றிவிட்டு, “அக்கா, நீங்க கடைசியா எப்போ தூங்கினீங்க?” என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. பின்கட்டுக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ராத்திரி முறை எழுதியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் அண்ணன்.

வாசலோடு போய்க்கொண்டிருந்த சித்தப்பா ஒருநாள் உள்ளே வந்து, கட்டிலிலேயே உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டினார். காபியும் அங்கேயே குடித்தார்.

அப்பா போன பதினைந்தாம் நாள் நர்ஸ் மறுபடி வந்தார். மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை இரண்டு பேரும் எண்ணினோம். பதினொன்று. மறுநாள் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.