தேவதைக்குப் பேர் என்னப்பா?

சிண்ட்ரெல்லா கதை சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் நடுவில் புகுந்து "அந்தத் தேவதைக்குப் பேர் என்னப்பா?" என்றாள். பூசணிக்காயைத் தேராக்கியவளுக்குப் பேரே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய கதையிலும் அவள் ஞானத்தாய், அவ்வளவுதான். பினோக்கியோவைக் காப்பாற்றுகிறவளும் வெறும் நீலமுடித் தேவதை. வாயில் வந்த ஒரு பூப்பேரைச் சொல்லிச் சமாளித்தேன், அது டீச்சர் பேராம், செல்லாது என்று சொல்லிவிட்டாள்.

சரி என்று தேடப் போனால், ஐரோப்பாவின் பழைய கிராமத்து நம்பிக்கைகளில் தேவதைகளின் பேரைச் சொல்லவே பயந்திருக்கிறார்கள். தொட்டில் குழந்தையைத் தூக்கிப்போய்விட்டுத் தங்கள் குழந்தையை வைத்துவிடுகிற கூட்டமாயிற்றே, காதில் விழுந்தால் வம்பு. அதனால் அயர்லாந்தில் 'நல்லவர்கள்', வேல்ஸில் 'டில்விட் டெக்', அதாவது அழகிய குடும்பம். எல்லாம் ஐஸ் வைப்பதுதான்.

எனக்குப் பிடித்த பேர்கள் ஷேக்ஸ்பியரின் கோடை இரவுக் கனவு நாடகத்தில் இருக்கின்றன. தேவதைகளின் ராணி டைட்டானியாவின் பேரைப் பழைய ரோமானியக் கவிஞர் ஓவிடிடமிருந்து எடுத்திருக்கிறார், கம்பீரம்தான், ஆனால் அவளுக்கு எடுபிடி வேலை செய்யும் நாலு பேரைப் பாருங்கள்: பட்டாணிப்பூ, நூலாம்படை, அந்துப்பூச்சி, கடுகு. மந்திரமே இல்லாத, மூலையில் கிடக்கிற சாமான்கள். நூலாம்படை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன். மந்திரத்தால் வந்த கழுதைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் நெசவாளி அந்தப் பேரைக் கேட்டதும், விரலை வெட்டிக்கொண்டால் உன்னிடம்தான் வருவேன் என்கிறான், ஏனென்றால் ரத்தம் நிற்க வெட்டுக்காயத்தில் அதைத்தான் அப்பினார்கள். ஒரு பேரை வைத்தே அது எதற்கு உதவும் என்பதையும் சொல்லிவிட்டார் மனுஷன்.

பீட்டர் பான் நாடகத்தில் வரும் குட்டித் தேவதை டிங்கர் பெல்லும் இதே ஜாதிதான். டிங்கர் என்றால் ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர், அவளுக்கும் பானை கெண்டி பழுதுபார்ப்பதுதான் வேலை. 1904-இல் மேடையேறியபோது அவளாக நடிக்க ஆளே இல்லை, அங்குமிங்கும் ஓடும் ஒரு வெளிச்சப் பொட்டு, பேசினால் மணிச்சத்தம். பெல் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சுருக்கி மகளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 'கடுகு' என்று முடிவு செய்தாள். கோபம் வந்தால் வெடிப்பாளாம். நான் நூலாம்படைக்காக வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அப்புறம் நேற்று ராத்திரி, தேரை இழுத்த ஆறு சுண்டெலிகளுக்கும் பேர் வேண்டும் என்றாள்.